பினாங்கிலிருந்து வந்த பெல்ட்

பாளையம், திருவனந்தபுரம்
1937 மார்ச் 2

என் செல்ல மகன் யோசுவாவுக்கு அம்மா தங்கபாய் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை லீலாபாயும் சுகமாக இருக்கிறோம், கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டு அதுவும் சுகம், கடல் தாண்டி இருக்கிற நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு இதே சுகத்தோடு இருக்கவேண்டும் என்று காலை ஜெபத்தில் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். லீலாபாய் வாத்தியார் பரீட்சைக்குப் படிக்கிறாள், படிக்கிறேன் என்று சொல்லி ஒரு சட்டி கழுவுவதில்லை, கேட்டால் பினாங்கில் அண்ணன் தானே சட்டி கழுவுகிறான் என்கிறாள். நீ அங்கே கழுவுகிறாயா இல்லையா என்று எனக்குத் தனியாக எழுது.

என் தம்பி சத்தியதாஸ் லீவில் வந்தபோது அவன் கையில் நீ கொடுத்துவிட்ட பொதி வந்து ஒரு மாதம் ஆகிறது. அவன் உன்னோடு ஒரே குடிசையில் இருந்து ஒரே கங்காணிக்குக் கீழ் சாலை மரம் வெட்டுகிறவன் என்பதால் உன்னைப் பற்றி ஒரு நாள் முழுக்கக் கேட்டேன், மெலிந்துபோனாய் என்கிறான். பொதியை அவிழ்த்தால் அகலமான தோல் பெல்ட், இடுப்பின் இரண்டு பக்கமும் இரும்பு வளையம், மரத்தைச் சுற்றிப் போட ஒரு நீளப் பட்டை, அதன் நுனியில் கொக்கி. கடையில் புதிதாக வாங்கினேன், அப்பா இனிமேல் இதைக் கட்டாமல் மரம் ஏறக்கூடாது என்று நீ எழுதியதை லீலாபாய் சத்தமாக வாசித்தாள். உன் அப்பா சுவாமிதாஸைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா, மூக்கு விடைத்துவிட்டது. "முப்பது வருசமா மரம் ஏறுகவன் நான், ஆட்டைக் கெட்டியது மாதிரி என்னையும் கெட்டச் சொல்லுகானா ஒனக்க மோன்?" என்றார். நீ பணம் அனுப்பினால் எனக்க மோன், புத்தி சொன்னால் ஒனக்க மோன், இந்த வீட்டு நியாயம் இப்படித்தான். பெல்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு, போன வருஷம் வழுக்கித் தோள் இறங்கிக் கிடந்ததை மறந்தவர்போல் பழையபடி வெறும் உடம்போடு வேலைக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை மக்கா.

அந்த நேரத்தில்தான் தைக்காட்டில் வக்கீல் வீட்டு அயனி மரத்து வேலை வந்தது. நம் வீட்டை இரண்டாக அடுக்கினாலும் அதைவிட உயரம், அதன் பெரிய கொப்பு ஒன்று கரண்டுக் கம்பிக்கும் அடுக்களைக் கூரைக்கும் மேலே சாய்ந்து கிடந்தது, மழைக்கு முன்னால் இறக்க வேண்டும். கொப்பைக் கட்டி இறக்கப் புதுக் கயிறு வேண்டும், வழக்கம்போல் நான்தான் தேங்காய்நாரில் முறுக்கித் தரவேண்டும். முறுக்கி முடித்து என் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பெல்ட் இடுப்பில் ஏறட்டும், கயிறு கையில் வரும் என்றேன். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை, எல்லாம் லீலாபாய் வழியாகத்தான், உப்புக் கேட்பதுகூட. சாலைக்கடைக்குப் போய் ஒரு கயிற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்து, உள்ளெல்லாம் மக்கிப்போனது என்று ஆட்டுக்குட்டியிடம் சொன்னார். நாலாம் நாள் காலையில் பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "இன்னா கெட்டியாச்சு, போதுமா?" என்றார். சிரிப்பை அடக்க எனக்கு வாயில் முந்தானை வேண்டியிருந்தது.

பத்து மணிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். கீழே அப்பாவின் கையாள் வேதமாணிக்கம் இறக்குகயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், மேலே உன் அப்பா கவட்டையில் நின்று ரம்பம் போட ஆரம்பித்துவிட்டார். அண்ணாந்து பார்த்தேன், என் உயிர் என்னிடம் இல்லை. பெல்ட் பட்டையை எங்கே சுற்றியிருக்கிறார் தெரியுமா? அறுத்துக்கொண்டிருக்கிற கொப்பிலேயே! ரம்பத்துக்கு அந்தப் பக்கம், விழப்போகிற பாகத்தில். உன் அப்பா இளவயதில் பனையேறியவர் அல்லவா, பனைக்குக் கொப்பு ஏது, நெஞ்சுக்கு நேரே இருக்கிற மரத்தைத்தான் அணைத்துப் பழக்கம், அதேபோல் நெஞ்சுக்கு நேரே இருந்த கொப்பைச் சுற்றி ஒழுங்காகக் கொக்கியும் மாட்டியிருக்கிறார். கொப்பு போனால் அவரையும் கூட்டிக்கொண்டு போகும். கஞ்சிக் கலயத்தைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினேன் பார், வக்கீல் வீட்டம்மா சரசம்மா, யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து, தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். "நிறுத்தும் ஓய்! கொப்பை விட்டுத் தடியில கெட்டும்!" என்று நான் கத்த, அவர் குனிந்து பட்டையைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொக்கியைக் கழற்றி, அடிமரமாகிய தாய்த்தடியைச் சுற்றி மாட்டிக்கொண்டு, திரும்ப அறுத்தார். கொப்பு முறிந்து கயிற்றில் ஆடியபோது அதன் அறுத்த முனை திரும்பி வந்து அவர் காலை ஒரு தட்டுத் தட்டியது. இரண்டு காலும் வழுக்கிவிட்டது யோசுவா. பெல்ட் மட்டும் இல்லையென்றால் நான் இன்று இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். தடியோடு பலாச்சக்கை மாதிரி தொங்கினார், பிறகு மெல்லக் காலை ஊன்றி நிமிர்ந்து, என்னைப் பார்த்து, "கஞ்சி மிச்சம் உண்டா?" என்று கேட்டார். எங்கே மிச்சம், எல்லாம் மண்ணில்தான் கிடந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன், சரசம்மா உள்ளே போய்த் தன் வீட்டுக் கஞ்சியைக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து உன் அப்பா பெல்ட் இல்லாமல் முருங்கை மரத்தில்கூடக் கை வைப்பதில்லை, வேதமாணிக்கத்துக்கும் பெல்ட் கட்டும் முறை பற்றிப் பிரசங்கம் செய்கிறார்.

இனிமேல் எழுதுவதை நீ உட்கார்ந்து நிதானமாக வாசிக்க வேண்டும். மறுநாள் காலை பெல்ட்டுக்குத் தேங்காயெண்ணெய் போட எடுத்தேன், அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன். புதுத் தோலில் மூன்றாவது துளை மட்டும் எப்படி நீண்டு கிழிந்திருக்கும்? உள்பக்கம் வேர்வை பட்டு எப்படிக் கறுத்திருக்கும்? சரி, கடைக்காரன் பழசைப் புதுசென்று ஏமாற்றிவிட்டான் என்று வைத்துக்கொண்டேன். பிறகு வளையங்களைப் பார்த்தேன். வலது கைக்காரன் கொக்கியை வலப்பக்கம்தான் மாட்டுவான். இதில் வலது வளையம் கறுப்பு மாறாமல் இருக்கிறது, இடது வளையம் தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னுகிறது. இடது கையால் சோறு தின்றதற்கும் சிலேட்டில் எழுதியதற்கும் அடி வாங்கியவனைப் பெற்றவள் நான். எனக்குத் தெரியாதா அது யாருடைய பெல்ட் என்று? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சத்தியதாஸைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன், அவன் தன் குடையையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொரு தடவை கேட்டதும், "அக்காகிட்ட சொல்லண்டாம்ணு சொன்னான், இப்பம் வெறும் கயித்தைச் சுத்திக்கிட்டுத்தான் ஏறுகான்" என்றான். நீ செய்ததை நினைத்து எனக்குப் பெருமை, அதைவிடக் கோபம், இரண்டும் சேர்ந்து அன்று குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டேன். அப்பாவிடம் சொன்னேன். எழுந்து பெல்ட்டை எடுத்தார், அந்த வளையத்தை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். பிறகு அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, குதிரைவண்டிக்கு வார் தைக்கிற ஆறுமுகநயினாரிடம் போய், இதேபோல் எனக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லி, அவர் தைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்து வாங்கி வந்தார். அப்பாவின் பெல்ட்டில் கொக்கி வலப்பக்கம், இனி நான் கயிற்றைப் பெட்டியில் பூட்டவேண்டிய அவசியமும் இல்லை.

ஆகவே உன் பெல்ட் உன்னிடம் திரும்பி வருகிறது, சத்தியதாஸ் பதினெட்டாம் தேதி கப்பலேறுகிறான். எண்ணெய் போட்டிருக்கிறேன், மூன்றாவது துளை கிழிந்துபோகாமல் சுற்றிலும் தோல் வைத்துத் தைக்கச் சொன்னேன். அது வந்து சேரும்வரை நீ கீழே நின்று கயிறு பிடி, மேலே ஏறாதே, கங்காணி ஏதாவது சொன்னால் அம்மா எழுதினாள் என்று சொல். மணிலாக் கயிறா நம் நார்க்கயிறா என்று கேட்டிருந்தாய். கொப்பை இறக்க என் கயிறு போதும், ஆனால் ஆள் தொங்குவதற்கு மணிலாதான் நல்லது, கயிறு முறுக்குகிறவள் வாயால் இதைச் சொல்வது எனக்கு வலிக்கிறது, என்றாலும் சொல்கிறேன். வாங்கும்போது வெளியே பார்த்து மயங்காதே, முறுக்கைப் பிரித்து உள்ளே பார், பொடி உதிர்ந்தால் வைத்துவிட்டு வா. நனைந்ததை நிழலில் காயவை, சுண்ணாம்புப் பக்கம் கொண்டுபோகாதே, முடிச்சுப் போட்ட இடத்தைத் தினமும் விரலால் நெருடிப் பார். காலில் கட்டுகிற இரும்பு முள் வெட்டிச் சாய்க்கிற மரத்துக்கு மட்டும்தான், உயிரோடு விடுகிற மரத்தில் குத்தக்கூடாது என்று நீ எழுதியதை அப்பா இப்போது தன் சொந்த அபிப்பிராயம் போல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஜாக்கிரதை என்று நான் எழுதப் போவதில்லை, அதை வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய். என் புருஷனைப் பத்திரமாக இறக்கித் தந்தாய், என் மகனையும் அதேபோல் தினமும் இறக்கித் தரவேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது. உன்னைச் சுமந்து காக்கிற ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஆசீர்வதிப்பாராக. பெல்ட் கையில் கிடைத்த அன்றே ஒரு கார்டு போடு, மறவாதே.

என்றும் உன் நினைவாக இருக்கும் அம்மா,
தங்கபாய்

அப்பாவும் இரண்டு வரி எழுதவேண்டும் என்று பேனாவை வாங்கிக்கொண்டார், ரம்பத்தைப் பிடிப்பதுபோல் பிடித்திருக்கிறார், அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

மகனே யோசுவா. பெல்ட் நல்ல உறப்பு, அறாது. தடியில் கெட்டு. வெட்டுகிற கொப்பில் கெட்டாதே. இது எனக்கு நேரிட்டுத் தெரியும்.
அப்பா.