ராத்திரி ரெண்டு மணி எந்தக் கிழமை?

திங்கள், ராத்திரி

இன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்ல சாட்சி சொன்னேன். எங்க கம்பெனி கேட் எதிர்ல டீ குடிச்சிக்கினு நின்ன என் ஷிப்ட் ஆளு குமரேசனை லாரி இடிச்ச கேஸ். கண்ணால பார்த்தது நானும் டீக்கடை வசந்தா அக்காவும்தான்.

அக்காவை முதல்ல கூப்பிட்டாங்க. புதன்கிழமை, ராத்திரி ரெண்டு மணின்னு சொல்லிச்சாம். அடுத்து நான். செவ்வாய்க்கிழமை, ராத்திரி ரெண்டு மணின்னேன்.

லாரிக்காரனோட வக்கீல் சிரிச்சார். "ஒரே லாரி ரெண்டு நாள் இடிச்சுதா?"

நான் பொய் சொல்லல. செவ்வாய் ராத்திரி நைட் ஷிப்ட் ஏறினேன். காலைல அது முடியுற வரைக்கும் எங்களுக்குச் செவ்வாய்தான். அட்டெண்டன்ஸ்லயும் அப்படித்தான் விழும். இதை ஜட்ஜம்மா கிட்ட சொன்னேன்.

"அப்ப உங்களுக்கு எப்பதான் புதன் வரும்?"னு கேட்டாங்க. கேலியா இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

"வூட்டுக்குப் போய் தூங்கி எழுந்தாதான் வரும், அம்மா"ன்னேன். அதை எழுதிக்கிட்டாங்களான்னு தெரியல.

வெளியே குமரேசன் கட்டையை ஊனிக்கினு நின்னான். "இன்னாடா, கரெக்டா சொன்னியா?"ன்னான். தலையாட்டினேன். என் ஒரு வார்த்தையால அந்த லாரிக்காரன் தப்பிச்சிட்டா...

திரும்பி வரும்போது பஸ்ல அக்காவைக் கேட்டேன். பன்னெண்டு அடிச்சதும் கடை காலண்டர்ல தாளைக் கிழிச்சிடுமாம்.

இப்ப மணி ஒண்ணரை. மேலே திங்கள்னு எழுதி வச்சிருக்கேன். அந்த வக்கீல் பார்த்தா இதையும் பொய்ம்பார்.