பம்பருக்குக் கீழே இரண்டு விளக்கு

மே 8, செவ்வாய்

நேற்று ஊர் பார்க்க எனக்கு மரியாதை நடந்தது. அதனால் நேற்று எழுதவில்லை.

கப்பலுக்குள் வண்டியைப் பின்பக்கமாகத்தான் ஏற்ற வேண்டும் என்பது நான் போட்ட சட்டம் இல்லை. அக்கரையில் நேராக இறங்கிப் போக வசதியாம். இத்தனை வருஷமாக நானும் அப்படித்தான் ஏற்றுகிறேன். பெரிய பெரிய ஆம்பிளைகள் அந்தச் சரிவில் முன்னே ஒரு முழம் பின்னே ஒரு முழம் என்று வியர்த்துக்கொண்டிருக்கும்போது, நான் ஒரே வீச்சில் உள்ளே போய் எஞ்சினை அணைத்துவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருப்பேன். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

நேற்று முதல் கப்பல், இன்னும் விடியவில்லை. இடப்பக்க இரும்புத் தடுப்பில் லேசாக ஒரு உரசல். லேசாகத்தான். கப்பலில் வண்டிகளை அடுக்குகிற லஃபாய் – ஆரஞ்சுச் சட்டை மாட்டியதும் தன்னையே கேப்டனாக நினைத்துக்கொள்கிற ஆள் – தகரத்தைத் தட்டி நிறுத்தினான். "அம்மா, நீங்க இறங்குங்க. நான் ஏத்தித் தர்றேன்." என்ன பணிவு. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வரிசையில் நின்ற வண்டிகள் எல்லாம் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தன. நான் கடல் காற்று வாங்க வந்தவள்போல ஓரமாக நின்றேன்.

மே 9, புதன்

வண்டியின் ரிவர்ஸ் லைட்டைப் போட்டுப் பார்த்தேன். மின்மினிப் பூச்சிக்குக் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் எரியும். குற்றவாளி கிடைத்துவிட்டான்.

மே 13, ஞாயிறு

கோயில் முடிந்து சாப்பாடு. சேப்பங்கிழங்கு, தேங்காய்ப் பாலில் வெந்த கீரை, பன்றி. அதோடு என் மகன் மலாக்கியின் உரை. குடும்பத் தலைவர் பட்டம் வாங்கியதிலிருந்து அவனுக்கு உப்பு கேட்பதற்கே ஒரு முன்னுரை தேவைப்படுகிறது.

முன்னோர்களை வணங்கினான். கடவுளுக்கு நன்றி சொன்னான். பிறகு என் குற்றப் பட்டியல். பக்கத்து வீட்டு லோசாவின் பன்றிப் பட்டி – மூலை மட்டும்தான். கோயில் வாசலில் பூந்தொட்டி – அதை அங்கே வைத்தவர்களை யார் கேட்பது? எங்கள் பப்பாளி மரம் – அது வளர்ந்த இடமே தப்பு. கடைசியாகக் கப்பல். லஃபாய் அவனிடம் ஃபோனில் வருத்தப்பட்டானாம்.

"இன்னொரு தடவ எங்கயாச்சும் இடிச்சீங்கன்னா சாவிய தெலேசியாகிட்ட குடுத்துரணும்மா. அவ்வளவுதான்."

தெலேசியா அவன் பெண்டாட்டி. ஒன்றும் பேசவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் கீரை வைத்தாள். பேசாதவளோடு எப்படிச் சண்டை போடுவது?

வண்டி ஆக்லாந்தில் இருக்கிற என் மகள் சலோத்தே எனக்கென்று அனுப்பியது. என் வீட்டுக்காரர் போன பிறகு, ஐம்பது தாண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள் நான். பள்ளிக்கூடத்தில் என்னை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள். வண்டியில் என்னை யாரும் நிறுத்தவில்லை, நேற்றைக்கு முந்தின – சரி, போன திங்கள் வரை. சாவி போனால் சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, அவர் கல்லறைக்கு, எதற்கும் ஒருத்தரைக் கேட்க வேண்டும். "கொஞ்சம் கூட்டிட்டுப் போறியா?" இதைச் சொல்லிப் பார்த்தேன் இப்போது, மெதுவாக. வாயில் ஒட்டவில்லை.

ஜூலையில் அக்கரையில், தலைநகர் ஆப்பியாவில் மாதர் சங்கக் கூட்டம். ஊரின் பாய்கள் எல்லாம் என் வண்டியில்தான் போகின்றன. அன்றைக்கு ஏற்றிக் காட்டுகிறேன்.

ஜூன் 2, சனி

சலோத்தேயின் பெட்டி வந்தது. பேரப் பிள்ளைகளுக்குச் செருப்பு, எனக்கு இரண்டு எல்.இ.டி. விளக்கு. அவளிடம் கேட்கும்போது, மலாக்கிக்கு இருட்டில் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். மகனுக்காக ஒரு தாய் எதுவும் செய்வாள்.

ஜூன் 4, திங்கள்

என் தங்கச்சி மகன் பெனி வந்து பொருத்தினான். ஊரில் எல்லோருடைய ஜெனரேட்டரும் அவன் கையில்தான் பிழைக்கிறது, அல்லது சாகிறது. பம்பருக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு விளக்கை முடுக்கினான். ரிவர்ஸ் லைட்டுக்குப் போகிற வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து ரிலேவுக்குக் கொடுத்தான். பேட்டரிப் பக்கம் ஒரு ஃப்யூஸ். உப்புக் காற்றுக்குப் பயந்து எல்லா முனையிலும் கிரீஸ் தடவினான்.

கியர் போட்டால் தானே எரியும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றான். எனக்கு உள்ளே ஒரு ஸ்விட்சும் வேண்டும் என்றேன். நான் வெளிச்சம் போட கியரிடமா அனுமதி வாங்க வேண்டும்?

"பெரியம்மா, நீங்க அணைக்க மறந்துருவீங்க."

மறந்துவிடுவேனாம். அவன் ஞானஸ்நானத்துக்கு என்ன சட்டை போட்டிருந்தான், அதில் எங்கே மூத்திரம் போனான் என்பது வரை சொன்னேன். ஸ்விட்ச் வைத்துவிட்டான்.

ஜூன் 5, செவ்வாய்

எரிந்தது. அடேயப்பா. லோசா ஓடி வந்து, கர்த்தர் வந்துவிட்டாரா என்று கேட்டாள். இல்லை, நான்தான் என்றேன்.

சாயங்காலம் அந்த வெளிச்சத்தில் பெண்கள் பாய் பின்னினார்கள். மலாக்கி தள்ளி நின்று பார்த்தான். உரை எதுவும் இல்லை.

ஜூன் 7, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

சாயங்காலச் சங்கு ஊதிவிட்டால் ஊரில் ஒருத்தரும் அசையக் கூடாது. வீட்டுக்கு வீடு ஜெபம். சாலையில் காவலுக்கு ஆள் நிற்கும். வண்டி நாய் எல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். நேற்றுச் சங்கு ஊதினபோது நான் விளக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அவசரமாக இறங்கி வந்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஸ்விட்சை அணைக்கவில்லை.

வண்டியின் பின்பக்கம் பாதிரியார் வீட்டைப் பார்த்து நின்றது. எங்கள் வீடுகள் மாதிரியே அவர் வீட்டுக்கும் சுவர் கிடையாது, தூண்கள்தான். வீடு முழுக்க நாடக மேடை மாதிரி ஆகிவிட்டது. பாதிரியார் மண்டியிட்டிருக்க, அவர் மச்சான் தூணுக்குப் பின்னால் மல்லாந்து படுத்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாராம். ஜெபத்தில் கண்ணை மூடியிருக்க வேண்டிய ஊர் முழுக்க இதைப் பார்த்திருக்கிறது. ஆனால் குற்றம் என்னுடையது.

தெலேசியா காதில் கிசுகிசுத்தாள், "அத்தை, வெளிச்சம்."

நிலா என்றேன். எனக்கு நிலா மாதிரித்தான் இருந்தது.

ஜூன் 9, சனி

ஊர்ச் சபை அபராதம் போட்டது. ஒரு பன்றி, ஒரு அட்டைப் பெட்டி டின் மீன். மலாக்கி கொண்டுபோய் வைத்து மன்னிப்பு உரை ஆற்றினான். நல்ல நீளம். பட்டத்துக்கு வேலை கொடுத்திருக்கிறேன், நன்றியில்லாதவன்.

வாழைப்பழத்துக்கு அபராதம் இல்லையாம்.

வீட்டில் அவன் என்னைத் திட்டவில்லை. இது இடித்த கணக்கில் வராது என்று மட்டும் சொன்னான். நான் கேட்கவே இல்லை.

ஜூன் 18, திங்கள்

பள்ளிக்கூட மைதானத்தில் பழக்கம். சங்குக்குப் பிறகு, ஜெபம் எல்லாம் முறையாக முடிந்த பிறகு. கப்பல் சரிவு அகலத்துக்குத் தென்னோலைக் கூடைகளை இரண்டு வரிசையாக நிற்க வைத்து, நடுவில் பின்னால் போக வேண்டும். தெலேசியா கூடைகளை எடுத்து வைக்க வந்தாள். நான் கூப்பிடவில்லை, வந்தாள்.

கூடைகளில் பாதி இப்போது பாய்.

விளக்குதான் சரியில்லை. போட்டதும் கண்ணாடியில் தேங்காய்ப் பால் ஊற்றின மாதிரி ஒரே வெள்ளை. விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக. மலிவுச் சரக்கு. சலோத்தே ஏமாந்துவிட்டாள்.

ஜூன் 19, செவ்வாய்

பெனியை ராத்திரி மைதானத்துக்குக் கூப்பிட்டு, விளக்கில் புகை அடைத்திருக்கிறது, துடை என்றேன். துடைத்தான். பக்கக் கண்ணாடிகளையும் துடைத்தான். அப்புறம் என் இடத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

"புகையே இல்ல, பெரியம்மா. எனக்கு அந்தக் கோல் கம்பத்துல தொங்கற வலை கூட தெரியுது."

உனக்கு எல்லாம் தெரியும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை துடைத்தான். எதற்குச் சிரிக்காமல் துடைக்க வேண்டும்?

அந்தக் கம்பத்தில் வலை இருக்கிறதா என்ன.

ஜூன் 20, புதன்

போய்த் தொட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

ஜூலை 3, செவ்வாய்

ஆப்பியா. தங்கியிருப்பது சலோத்தேயின் மாமியார் வீட்டில். எல்லோரும் தூங்கட்டும் என்று காத்திருக்கவில்லை, கூட்டத்தில் பாட்டு நடக்கும்போதே வெளியே வந்து எழுதுகிறேன்.

காலையில் துறைமுகம், இருட்டு. வண்டி நிறையப் பாய். பின் இருக்கையில் லோசாவும் இன்னும் இரண்டு பெண்களும், பக்கத்தில் தெலேசியா. என் முறை வந்தது. ரிவர்ஸ் கியர் போட்டேன். விளக்கு எரிந்தது. சரிவு முழுக்கப் பகல். வரிசையில் நின்றவர்கள் கண்ணைக் கையால் மறைத்தார்கள் என்று லோசா சொன்னாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மெதுவாகத்தான் போனேன். கண்ணாடியில் வெள்ளை. இடப்பக்கத் தடுப்பு – கொஞ்சம் கறுப்பாக – அதை வைத்துக்கொண்டு போனேன். நேராகத்தான் போனேன். சத்தியமா நேராத்தான் போனேன்.

தகரத்தில் படார் என்று ஒரு அடி. அப்புறம் இன்னொன்று. தெலேசியா ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டாள்.

லஃபாய். வண்டிக்குப் பின்னால், நடுவில், இரண்டு உள்ளங்கையும் தகரத்தில் ஊன்றி நின்றான். ஆரஞ்சுச் சட்டை. அந்த வெளிச்சத்தில். அவன் அங்கே நின்று இரண்டு கையையும் ஆட்டி நிறுத்து நிறுத்து என்று காட்டியிருக்கிறான். அவனுக்குப் பின்னால் முந்தின லாரி, நகர இடம் இல்லை. நான் பார்க்கலையே. நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன். ஒரு ஆள், அவ்வளவு பெரிய ஆள், பட்டப்பகல் மாதிரி வெளிச்சத்துல – எனக்கு ஒண்ணுமே இல்லையே அங்க?

அவன் ஜன்னலுக்கு வந்தான். கத்துவான் என்று நினைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னப் பாக்கலையாம்மா?" என்றான். கோபமே இல்லை. உண்மையாகவே கேட்டான்.

எஞ்சினை அணைத்தேன். காலில் பிடிப்பு, நீ ஏற்று என்று தெலேசியாவிடம் சொல்லி இறங்கினேன். நொண்டிக்கொண்டே போனேன். எந்தக் காலுக்குப் பிடிப்பு என்று பாதியில் மறந்துவிட்டது.

அவள் ஒரே வீச்சில் ஏற்றினாள்.

லோசா அக்கரை வரை வாயைத் திறக்கவில்லை. லோசா.

ஜூலை 5, வியாழன்

ஊருக்குத் திரும்புமுன் ஆஸ்பத்திரி. தெலேசியா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வண்டி அந்தப் பக்கம் போயிற்று.

சுவரில் எழுத்துப் பலகை. படி என்றாள் டாக்டர், சின்னப் பெண். ஐந்தாவது வரை படித்தவளுக்கு எழுத்து தெரியாதா? மேலே இருந்த பெரிய எழுத்தைக் கணீரென்று சொன்னேன். அடுத்த வரி என்றாள். அடுத்த வரி என்று ஒன்று இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை. வலது ரொம்ப முற்றியிருக்கிறது. வெளிநாட்டு டாக்டர்கள் வரும்போது அறுவை செய்வார்கள், பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள், வரிசை பெரிது. வெளிச்சம் கூடக் கூடக் கண் கூசுமாம், இன்னும் மோசமாகத் தெரியுமாம். நான் ஆக்லாந்திலிருந்து கூச்சத்தை வரவழைத்து ஓட்டை போட்டு மாட்டியிருக்கிறேன்.

"வண்டி ஓட்டறீங்களாம்மா?"

"இல்ல" என்றேன்.

தெலேசியா என்னைப் பார்த்தது தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் இருந்தால் தெரிகிறது.

ஜூலை 8, ஞாயிறு

மலாக்கி உரை தயாரித்திருந்தான். தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது, முன்னோர்களிலிருந்து தொடங்கப் போகிறான். அவன் எழுமுன் சாவியைத் தெலேசியாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டுக் கோகோ கேட்டேன்.

அவன் வாய் திறந்தபடி இருந்தான். அவ்வளவு நல்ல உரை வீணாகப் போயிற்று, பாவம்.

அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பட்டம் வாங்கினதிலிருந்து அவன் அப்படி ஒட்டி உட்கார்ந்ததில்லை. கண் வலிக்குதாம்மா என்று மட்டும் கேட்டான். வலியெல்லாம் இல்லை என்றேன். வலி கண்ணில் இல்லை. அதைச் சொல்லவில்லை.

ஜூலை 11, புதன்

"கொஞ்சம் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டேன், கல்லறைக்கு. தெலேசியா கையைத் துடைத்துக்கொண்டு உடனே எழுந்தாள். உலகம் இடியவில்லை. இடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 14, சனி

சந்தையிலிருந்து தெலேசியா வந்தபோது இருட்டிவிட்டது. வண்டியைப் பின்பக்கமாக முற்றத்துக்குள் எடுத்தாள். விளக்கு எரிந்தது. எனக்கு எல்லாம் வெள்ளை.

வண்டிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் பின்னால் ஓடுவது வழக்கம். கூப்பிட்டு என்னிடம் இழுத்துக்கொண்டேன். முகம் தெரியவில்லை, தலையைத் தடவித்தான் ஆள் பார்த்தேன். சின்னவள் மெலே மட்டும் இல்லை. எழுந்துவிட்டேன். எங்கே போவது, எந்தப் பக்கம்? கத்த வாயைத் திறக்குமுன் வண்டி நின்றது. தெலேசியா கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். இறங்கி வந்து, செருப்பைத் தேடிக்கொண்டு நடுவில் நின்ற மெலேயைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, திரும்பப் போய் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள்.

நன்றாகத்தான் ஓட்டுகிறாள். என்னைவிட மெதுவாக, ஆனால் நன்றாக.

இதை அவளிடம் சொல்லப் போவதில்லை.

ஜூலை 15, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.