மைக்குக்குப் பிடிக்காத குரல்

மார்ச் 4
இன்று காதல் காட்சி. நதி என்று சொல்லி இரண்டு பேர் நீலத் துணியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கதாநாயகரின் கண்ணுக்குள் உருகிப் பார்த்தபடி, "மீசை ஒரு பக்கம் கழண்டு தொங்குது, சிரிக்காதீங்க" என்றேன். அவரும் அதே உருக்கத்தோடு, "நீங்க என் கால மிதிச்சுக்கிட்டிருக்கீங்க" என்றார். திரையில் எழுத்து வரும்: 'உயிரே, உன்னைப் பிரியேன்.' ஊமைப் படம் வாழ்க!

மார்ச் 19
அடுத்தது பேசும் படமாம். ஸ்டூடியோ முழுக்க இதே பேச்சு. முப்பத்தோரு படம் நடித்தவள் நான். குதிரையிலிருந்தே விழுந்து எழுந்தாயிற்று, பேசுவதா கஷ்டம்?

ஏப்ரல் 2
குரல் பரிசோதனை. மைக்கைப் பூச்சாடிக்குள் ஒளித்துவைத்திருந்தார்கள். அந்தச் சாடியைப் பார்த்து, "என்னை மறந்துவிட்டீர்களா?" என்று உருகினேன். பிறகு போட்டுக் காட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்த மாதிரி இருந்தது. நானா அது? "மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார் ஒலிப்பதிவாளர். நல்ல மனிதர். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

ஏப்ரல் 3
அக்காவிடம் சொன்னேன். "உன் குரல் அப்படித்தான்டி. நாங்க பழகிட்டோம்" என்கிறாள். பாவி! இத்தனை வருஷமா ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 11
கதாநாயகி வேடம் ஒரு பாடகிக்குப் போய்விட்டது. இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டே, "வீட்டுக்காரம்மா வேஷம் ஒண்ணு இருக்கு. வாடகைக்கு இருக்கற கதாநாயகனத் திட்டித் துரத்தணும். ரெண்டே நிமிஷம். உங்ககிட்ட கேக்கவே வாய் வரல" என்றார். இருபத்தெட்டு வயதில் நரைமுடி! முடியாது என்று வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12
அழுதாச்சு. வீட்ல உக்காந்து என்ன பண்றது? போய் ஒப்புக்கொண்டேன். ஒரே நிபந்தனை - என் வசனத்தை நானே எழுதுவேன்.

மே 6
மனசுல இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். கதாநாயகர் நிஜமாகவே இரண்டடி பின்வாங்கினார். ஒலிப்பதிவாளர் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார்: "அம்மா, கொஞ்சம் மெதுவா. மீட்டர்ல முள்ளு துள்ளுது!"

ஜூலை 20
படம் வெளியானது. சால்வையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, அக்காவோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நான் வாயைத் திறந்ததும் கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது. எழுந்துவிட்டேன். அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. உன்னப் பாத்து சிரிக்கல. அவன் திட்டு வாங்கறதப் பாத்து சிரிக்கிறாங்க." திரையில் நான் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனதும் முன்வரிசையில் ஒருவர் கத்தினார்: "அந்தம்மாவத் திரும்பக் கூப்பிடுங்கய்யா!"

செப்டம்பர் 9
நாளை புதுப் படம் தொடக்கம். இதில் கதாநாயகன், கதாநாயகி இருவருமே என்னிடம் மாட்டிக்கொள்கிறார்கள். என் வசனம் பதினாலு பக்கம் ஆகிவிட்டது. இயக்குநர் குறைக்கச் சொல்கிறார்.
மாட்டேன்.