வசனம் எடுத்துக் கொடுப்பவரின் ரத்தம்

மார்ச் 4

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நலம். அங்கேயும் நலம் என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் போன் செய்யாமல் கடிதம். நாடகக் குழுவில் நடிகர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது உங்கள் பிழைப்பு, சரி. பெண்டாட்டிக்கும் எடுத்துக் கொடுக்கச் சொன்னது யார்? நான் பாதி பேசும்போதே மீதியை முடித்துவிடுகிறீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்ததே, ஒரு வாக்கியத்தையாவது முழுசாகச் சொல்லிப் பார்க்கத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஓர் ஆய்வு நடக்கிறது. பிரஷரை ஏற்றி வைத்துக்கொண்டு 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று திரிகிறவர்களுக்கானது. அதாவது உங்களுக்கானது. பிரஷர் வருஷக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டு, நரம்பிழைகள் சேதமாகலாம். வெளியே ஒன்றும் தெரியாது. சேதமான இழைகளிலிருந்து ஒரு புரதம் மட்டும் கொஞ்சமாக ரத்தத்தில் கசியும். அதைத்தான் அளக்கிறோம். அது ஒன்றை வைத்தே தீர்ப்பு எழுதிவிட மாட்டார்கள். ஞாபகச் சோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் ஊர் கிளினிக்கிலும் ஆள் எடுக்கிறார்கள். போய் ஒரு குப்பி ரத்தம் கொடுங்கள். மாத்திரையையும் ஒழுங்காகப் போடுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி

மார்ச் 9

அன்புள்ள ரத்தக்காட்டேரிக்கு,

உன் கடிதத்தின் மூன்றாவது வரியிலேயே முடிவு தெரிந்துவிட்டது. இருந்தாலும் மரியாதைக்காகக் கடைசி வரை படித்தேன்.

ராஜா முதல் வாயிற்காவலன் வரை எட்டு நாடகத்தின் வசனமும் என் தலைக்குள் இருக்கிறது. எங்கள் ராஜா வேஷக்காரருக்கு மேடை ஏறினால் ராணியின் பெயரே மறந்துபோகும். அவரை விட்டுவிட்டு என் மூளையிலா ஓட்டை தேடுகிறாய்? மாத்திரை போட்டால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. இரண்டாம் அங்கத்தில் நான் எழுந்து போனால் ராஜ்யமே கவிழ்ந்துவிடும்.

ஆனால் பயமாக இருக்கிறது என்று எழுதிவிட்டாய். அந்த வரியை நான் எதிர்பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை போய்த் தொலைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
ராஜ்யத்தைத் தாங்குபவன்

மார்ச் 20

என் மானத்தை வாங்கியவருக்கு,

அந்த கிளினிக் நர்ஸ் இன்று எங்கள் கூடத்துக்கு போன் செய்தார். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்பதுதான் ஞாபகச் சோதனை. செவ்வாய்க்கிழமை வந்த அத்தனை பேரும் ஐந்தையும் பிசகாமல் சொன்னார்களாம். டாக்டர் பூரித்துப் போய்விட்டார். கடைசியில் காது மந்தமான ஒரு பெரியவர், நீங்கள் உட்கார்ந்திருந்த திரைப் பக்கம் திரும்பி, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி, கேக்கல" என்று சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

அவ்வளவு பேரையும் மறுபடி வரவழைத்து, வேறு சொற்களை வைத்துச் சோதிக்க வேண்டுமாம். "அவர் உங்க சொந்தக்காரராமே?" என்று எங்கள் மேலதிகாரி கேட்டார். "தூரத்துச் சொந்தம் சார்" என்றேன்.

உங்களுக்கு வெட்கமே கிடையாதா?

இப்படிக்கு,
தலை குனிந்தவள்

மார்ச் 26

தூரத்துச் சொந்தக்காரிக்கு,

நீயே நியாயம் சொல். நடுவில் ஒரு துணித் திரை. அந்தப் பக்கம் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர், 'ரயில், எலுமிச்சை, கதவு' வரை வந்து அப்படியே நிற்கிறார். இந்தப் பக்கம் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. இத்தனை வருஷமாக, இந்த மாதிரிச் சமயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு வேலை போயிருக்கும். வாய் தானாக 'நீலம்' என்றது. ஒருவருக்குச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கைவிடுவது தர்மமில்லை என்று தொடர்ந்து சொன்னேன்.

என் முறை வந்தபோது ஐந்தையும் சொன்னேன். டாக்டர் எந்தச் சொல்லுக்குப் பிறகு இருமினார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். முடிவு வரட்டும், உன் வாய் தானாக அடைபடும்.

இப்படிக்கு,
நிரபராதி

ஏப்ரல் 17

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் ஊர்க் குப்பிகள் வந்து சேர்ந்தன. அவற்றில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எது உங்களுடையது என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாமே உங்களுடையதாகிவிட்டது. ஒவ்வொன்றையும் இயந்திரத்தில் வைக்கும்போது எண்ணை இரண்டு முறை சரிபார்த்தேன். சிலவற்றில் அளவு கூடுதல். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன்.

முடிவை டாக்டர் உங்களிடம்தான் சொல்வார். எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள். விளையாட்டு வேண்டாம்.

இப்படிக்கு,
நான்

மே 2

அன்புள்ள உனக்கு,

விளையாடாமல் எழுதுகிறேன். மறுபடி வைத்த ஞாபகச் சோதனையிலும் முழு மதிப்பெண். ரத்தத்தில் அந்தப் புரதம் என் வயதுக்கு இருக்க வேண்டியதைவிட அதிகம். ஸ்கேனில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். டாக்டர் படத்தைக் காட்டி, "கெட்டது கெட்டதுதான். ஆனா பிரஷர இறக்கினா, மேல கெடாம பாத்துக்க நிறைய வாய்ப்பிருக்கு" என்றார். என் தலைக்குள் என்னைக் கேட்காமலே ஒரு வேலை நடந்துகொண்டிருந்திருக்கிறது. பயந்துவிட்டேன். நாளைக்கு நான் பாதியில் நின்றால் யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்று யோசித்தேன். உன்னைத் தவிர ஒருத்தரும் தோன்றவில்லை.

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். காலையிலேயே போட்டுவிட்டால் சாயங்கால நாடகத்துக்குள் தொந்தரவு அடங்கிவிடுமாம். இத்தனை நாள் இதை யாரிடமும் கேட்கத் தோன்றாத மூளைதான் என்னுடையது.

இன்னொன்று. இனி போனில் நீ பேசும்போது நான் குறுக்கே வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம்.

இப்படிக்கு,
உன்னவன்

மே 13

அன்புள்ளவளுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். முதலில் அதை மனதில் வாங்கிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனில் நீ, "திங்கக்கிழமை உங்களுக்கு நாடகம் கிடையாதே, அதனால நான் என்ன நினைக்கிறேன்னா..." என்று நிறுத்தினாய். மீதி என் நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நீயும் பேசவில்லை. நான் இன்னும் கடித்தேன். "ஐயோ!" என்று உன் அலறல், போன் கட். திரும்பக் கூப்பிட்டால் பிஸி. மாத்திரை தன் வேலையைக் காட்ட, பாத்ரூமுக்குள் போனேன். வெளியே வந்தால் வாசல் கதவு தரையில் கிடக்கிறது, அதன்மேல் ஆம்புலன்ஸ்காரர்கள் நிற்கிறார்கள்.

"சிரிங்க சார்" என்றார்கள். சிரித்தேன். "ரெண்டு கையையும் தூக்குங்க." தூக்கினேன். "ஏதாவது ஒரு வாக்கியம் சொல்லுங்க." இரண்டாம் அங்கத்தில் ராஜா போர்க்களம் புறப்படும் முழக்கத்தைச் சொன்னேன். முடிவதற்குள் என்னை ஸ்ட்ரெச்சரில் கட்டிவிட்டார்கள். பிரஷர் பார்த்தால் நார்மல்! அக்கம்பக்கத்தார் கூடி நின்றதால் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே கையசைத்தேன்.

நான் வாயை மூடியதைப் பக்கவாதம் என்று நினைத்துவிட்டாய். உன்மேல் தப்பில்லை, என் வாயின் சரித்திரம் அப்படி. ஆனால் நீ சொல்ல வந்தது எனக்குத் தெரியும். 'நான் அங்கேயே வந்துடட்டுமா' என்பதுதானே? வந்துவிடு. இதை எழுதும்போது கண் நிறைகிறது.

இப்படிக்கு,
கதவில்லா வீட்டுக்காரன்

மே 18

அன்புள்ள உங்களுக்கு,

தப்பு.

கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் முடித்துவைத்த என் வாக்கியங்களில் பாதி தப்பு. 'எனக்கு மலைப்பக்கம்...' என்று ஆரம்பித்தால் 'பிடிக்காது' என்று முடிப்பீர்கள். அதனால் நாம் ஒரு மலையையும் பார்த்ததில்லை. திருத்துவதற்குள் நீங்கள் அடுத்த வசனத்துக்குப் போயிருப்பீர்கள். எனக்கும் அலுத்துவிட்டது.

அன்றைக்கு அந்த மௌனத்தில் என் உயிர் போய்த் திரும்பியது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும்போது நான் வேண்டாத சாமி இல்லை. 'அந்த மனுஷன் குறுக்கே பேசட்டும், தப்புத் தப்பாகவே பேசட்டும்' என்றுதான் வேண்டினேன். அவ்வளவு பிடிக்கும் உங்களை. இதை நேரில் சொல்ல நீங்கள் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை.

நான் திரும்பி வரப்போவதில்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, ஜன்னல் வைத்த இந்தச் சின்ன அறையும் பிடித்திருக்கிறது. நான் சொல்ல வந்தது இது: திங்கட்கிழமை தோறும் நீங்கள் இங்கே வாருங்கள். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள், இங்கே வந்து போட்டுக்கொள்ளலாம். நான் பேசுவேன். நடுவில் யோசிக்க நிறுத்துவேன். நீங்கள் காத்திருக்க வேண்டும். நீங்கள் சும்மா இருந்தால் நானும் இனி யாருக்கும் போன் செய்ய மாட்டேன், உங்கள் கையைப் பிடித்துப் பார்த்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
திங்கட்கிழமைக்காக இரண்டாவது நாற்காலி வாங்கியிருப்பவள்