சகலையின் ஈறு

புரட்டாசி, சனிக்கிழமை இரவு.

எவனும் நம்பப் போகாத ஒரு கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு, கச்சிராயபாளையம் சாலையில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். நின்றுபோன பஸ்ஸில் நான், என் மனைவி, அவளுடைய அக்கா புருஷனான என் சகலை. எதிர் சீட்டில் ஒரு பல் டாக்டரம்மா. பொழுது போகாமல் எல்லார் வாயையும் பார்த்தார்.

நான்தான் முதலில் காட்டினேன். மாமியார் வீட்டுக்குப் போகிறோமே என்று செங்கல் தூள் வைத்துத் தேய்த்த பல்!

"பல்லு வெள்ளதாங்க. ஈறுதான் வீங்கிச் செவந்து கெடக்கு. தொட்டா ரத்தம் வருது," என்றார் டாக்டரம்மா.

அந்த நேரம் பார்த்துச் சகலை கொட்டாவி விட்டான்.

"இதாங்க ஈறு! வெளிர் ரோஸ் கலரு. ஆரஞ்சுத் தோலு மாதிரி புள்ளி புள்ளியா இருக்கு. பல்லு சந்துல கூம்பா ஏறி, எலும்போட இறுக்கிப் புடிச்சிருக்கு பாருங்க."

"இன்னா சகல, பல்லுக்குப் பாலிஷ் போட்டுக்கினு ஈற கோட்ட வுட்டுட்டியே!" என்றான் அவன்.

அவ்வளவுதான். மறியல்காரர்கள் கோஷத்தை நிறுத்திவிட்டு வரிசையில் நின்று ஈறு தரிசனம் செய்தார்கள். போலீஸ் ஜீப் மண்டியிட்டது. கல்வராயன் மலை கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

என் மனைவியும் பார்த்தாள். "எங்க அக்கா குடுத்து வச்சவ," என்றாள்.

இப்போது அவள் தூங்குகிறாள். பையில் கொண்டுவந்த செங்கல் தூளை மாமியார் வீட்டுக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்தேன்.

வரிசை பொய். ஜீப் பொய். மலையும் பொய்தான்.

அவள் சொன்னது மட்டும் நிஜம்.