தறிக் கயிற்றில் கட்டிய ஸ்பிரிங்

இளங்கோ அண்ணா,

சாம்பார் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். கார் கொட்டகைக்கு மட்டும் போகாதே.

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஷாக் அப்சார்பர் மாற்ற, நேற்று ஸ்பிரிங்கை அமுக்கித் தறிக் கயிற்றால் கட்டினாய். "பாவு இழுத்துக் கட்டுற கயிறும்மா, இது தாங்காதா? பிசிக்ஸ் படிச்சிட்டு பயந்துக்கினே இருக்கியே" என்று சிரித்தாய்.

அது காரையே தாங்குகிற ஸ்பிரிங். கயிறு அறுந்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் மிஞ்சாது. காலையில் பார்த்தேன், இரும்பில் உரசிக் கயிறு பாதி நைந்திருக்கிறது.

செவிலிமேடு மெக்கானிக்கைக் கையோடு அழைத்து வரப் போகிறேன். அண்ணியைக் கொட்டகைப் பக்கம் துணி உலர்த்த விடாதே.

பி.கு.: கொட்டகைக் கதவைப் பூட்டும்போது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். இன்னொரு புரி அறுந்திருக்கும். சாவி என்னிடம் இருக்கிறது, பூட்டை உடைக்காதே. வந்ததும் திட்டு. திட்டுவதற்காவது முழுசாக இரு.

தேவிப்ரியா