மைதானம் மூச்சடக்கும் நேரம்

மார்ச் 3, ஞாயிறு

ஷாமியின் பாரில் இன்று என் ராஜ்ஜியம்தான். என் அக்கா மகன் டொனாக் ரக்பி ஆட்டத்தில் மூன்று பிரெஞ்சுக்காரர்களை முதுகில் சுமந்தபடியே எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்த கதையைச் சொன்னேன். போன வாரம் சொன்னபோது இரண்டு பேர்தான்.

"அடுத்த வாரம் நடுவரையும் ஏத்திடுடா, மோசி!" என்றான் ஷாமி.

பொறாமை. அயர்லாந்து அணிக்காகப் பத்து வருஷம் முன்வரிசையில் முட்டிய கழுத்து டொனாக்கினுடையது. இந்த லிமெரிக் ஊரில் வேறெவனுக்கு உண்டு?

"இப்ப எப்படி இருக்கான் டொனாக்?" என்று கேட்டான்.

"மூளை கத்தி மாதிரி இருக்கு" என்றேன்.

மார்ச் 5, செவ்வாய்

டொனாக் மின்கெண்டியில் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டான். எனக்கும்தான் கைமறதி உண்டு. ஆட்டத்தில் தலையில் வாங்கிய அடிகளால் வந்த மறதி என்கிறார் டாக்டர். அவருக்கென்ன தெரியும்?

மார்ச் 10, ஞாயிறு

மைதானத்தின் கிழக்குப் பக்கத்துக்கு டொனாக் பெயர் வைக்கிறார்களாம்! இருபத்துமூன்றாம் தேதி, ஆட்டத்தின் இடைவேளையில் அவன் வந்து பேச வேண்டுமாம்.

அவன் மனைவி ஓர்லா என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். "நல்லா இருக்கான்னு ஊரெல்லாம் அளந்தீங்களே மாமா, அதான் கூப்பிடறாங்க. ரெண்டு வார்த்தை கோத்துப் பேசுவாரா அவரு?"

"பக்கத்துலயே நான் நிப்பேன்மா."

'நன்றி லிமெரிக்.' அவ்வளவு போதாதா?

மார்ச் 19, செவ்வாய்

என்னைப் பார்த்து, நீங்க யாரு என்றான். விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பான்.

மார்ச் 23, சனி

எழுதவே கை வரவில்லை.

காலையில் தெளிவாகத்தான் இருந்தான். மாமா என்றே கூப்பிட்டான். கோட்டோரம் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். இடைவேளைக்குச் சற்று முன் எங்கள் அணிப் பையன் கோல் கம்பத்தைப் பார்த்து உதைக்கப் பந்தைத் தரையில் நிறுத்தினான். எவன் உதைத்தாலும், எதிரியே ஆனாலும், எங்கள் ஊரில் வாய் திறக்க மாட்டோம். கைக்குழந்தைகூட அழாது. மைதானம் அப்படியே அடங்கியது.

டொனாக் எழுந்தான். சுற்றிலும் பார்த்தான். அந்தப் பெரிய குரலில் கேட்டான்: "மாமா, எல்லாரும் எங்க போயிட்டாங்க?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. உதை முடியவில்லையே!

"மாமா?"

நானும்தான் சொல்லவில்லை. ஊர் வழக்கமாம்! எப்போதும் மூடாத இந்த வாய் அப்போது பார்த்தா மூட வேண்டும்? இதோ இருக்கேன்டா ராசான்னு ஒரு வார்த்தை... குழந்தை மாதிரி அழுதானே — அவன் மூக்கு உடைந்தபோதுகூட நான் பார்க்காத அழுகை.

ஓர்லா கைபிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவன் இல்லாமலே பெயரை வாசித்தார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

ஷாமியின் பார் பக்கம் போகவில்லை.

ஏப்ரல் 13, சனி

டொனாக் வீட்டில் ரேடியோ போட்டிருந்தேன். ஆட்டம். உதைக்கும் நேரம் வந்தது, ரேடியோவும் அடங்கிப்போனது. டொனாக் என் மணிக்கட்டை இறுக்கினான்.

பேச ஆரம்பித்தேன். மூன்று பிரெஞ்சுக்காரர்கள், இல்லை, நான்கு. முதுகில் ஒருவன், தோளுக்கு ஒருவன், காலைக் கட்டிக்கொண்டு ஒருவன். கடைசியில் நடுவரும் ஏறிக்கொண்டார்.

பிடி தளர்ந்தது. சிரித்தான். "நடுவருமா! இத்தனை பேரைச் சுமந்த அந்த ஆளு யாருங்க?"

"என் அக்கா மகன்" என்றேன்.

உதை கம்பங்களுக்குள் போனதா என்று தெரியவில்லை.